தண்ணீரில் விட்ட பதினான்கு பெட்டிகள்

நான்கு வருடங்களுக்கு முன், கார்த்திகை பிறந்த முதல் வாரம். கொரட்டூர் ஏரிக்குப் பின்புறம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் நான் அப்போது கம்ப்யூட்டர் டீச்சர். அந்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருவதில்லை, பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. பாதிக் கோபம் அந்தப் பள்ளியின் தாளாளர் மேல். மீதிப் பாதி யார் மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது தமிழ் இலக்கியம். வேலை கிடைக்காமல், ஆவடியில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு கம்ப்யூட்டரைக்கூட எங்களுக்குத் திறந்து காட்டவில்லை. கரும்பலகையில் நான்கு கட்டம். உள்ளீடு, மையச் செயலகம், நினைவகம், வெளியீடு. கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. ஸ்கேல் வைத்து நேராகப் போட்டால் முழு மதிப்பெண். நான் நேராகப் போட்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு பதினோரு வருடம், தினமும் திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்து, அதே நான்கு கட்டத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்தேன். என் அம்புக்குறிகள் அழகாக இருக்கும் என்று பெற்றோர்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் லேப் தரைத்தளத்தில் இருந்தது. பதினான்கு கம்ப்யூட்டர்கள். செருப்பை வெளியே விட வேண்டும். மானிட்டர்களுக்குப் பூப்போட்ட துணி உறை, கோயில் உற்சவருக்குப் போல. வாரம் ஒரு நாள், ஒரு மிஷினுக்கு மூன்று பிள்ளைகள். ஒன்று மவுஸைத் தொடும், மற்ற இரண்டும் பார்க்கும். பழைய மானிட்டர்களை மாற்றிப் புதிதாக மெல்லிய மானிட்டர்கள் வாங்கியிருந்த சமயம் அது. ஸ்க்ரீனில் ஒரு கீறல் விழுந்தால் உங்களைத்தான் கேட்பேன் என்று தாளாளர் வாரம் இருமுறை சொல்லுவார். மேஜைக்கு அடியில், தரையில், கால் படுகிற இடத்தில் இருந்த கருப்புப் பெட்டிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அவற்றைக் குனிந்து பார்த்ததில்லை.

குனிந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. லேபைப் பெருக்கித் துடைத்து, பூட்டித் திறக்கும் ஆயாம்மா. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆனாலும் பள்ளியில் எல்லோருக்கும் அவர் ஆயாம்மாதான், எனக்கும்தான். வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கணவர் விட்டுப்போய் வருடக்கணக்காகிறது. இரண்டு பிள்ளைகள், அவர் சம்பளம் ஒன்றுதான். லேப் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். பிள்ளைகள் வந்து போனபின் ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் தவழ்ந்து போய்த் துடைப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மதியத்தோடு பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். மற்ற டீச்சர்கள் கிடைத்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டேஷன் வரை நனைந்துகொண்டு போனேன். தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. திரும்பி வந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தேன். கட்டிடத்தில் நானும் ஆயாம்மாவும்தான். நான் திரும்பி வந்தது வேறு யாருக்கும் தெரியாது. இதைக் கவனத்தில் வையுங்கள். பின்னால் நான் ஒளிந்துகொண்டது இதற்குள்தான்.

ஏரித் தண்ணீர் சாக்கடை வழியாக வந்தது. தண்ணீர் போகிற பாதையில் மனை போட்டு விற்றவர்களும், வாங்கிக் கட்டியவர்களும், அதற்கு முத்திரை குத்தியவர்களும் அன்று எந்த மாடியில் நின்றுகொண்டிருந்தார்களோ, எங்கள் பள்ளி வாசலில் கருப்பாக ஒரு நாக்கு உள்ளே நுழைந்தது. தாளாளர் ஆயாம்மாவுக்கு ஃபோன் செய்து, கம்ப்யூட்டரையெல்லாம் மாடிக்கு ஏற்றச் சொன்னார். ஆயாம்மா முதலில் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். எனக்கு அது தோன்றவே இல்லை. பிறகு என்னிடம் வந்து, எதை முதலில் தூக்குவது என்று கேட்டார்.

நான் சொன்னேன், மானிட்டரை என்று.

ஆயாம்மா என்னோடு லேபுக்குள் வந்தார். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைக் காலால் காட்டினார்.

"மிஸ், கீழ கீற இந்தப் பொட்டிதானே சூடாவுது? இதுதானே கிர்ருனு ஓடினுகீது? அப்ப வேலை எல்லாம் இதுதானே பண்ணும்? இத்த மொதல்ல தூக்கிடலாமே."

"அது வெறும் பெட்டி ஆயாம்மா. உள்ளே ஒயரும் தகடும்தான் இருக்கும். ஸ்க்ரீன்தான் விலை. அதுல தண்ணி பட்டா நாம ரெண்டு பேரும் காலி."

இப்படித்தான் சொன்னேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. மையச் செயலகம் கணினியின் மூளை என்று பதினோரு வருடம் பிள்ளைகளைக் கோரஸாகக் கத்த வைத்த வாய் இது. மூளை இருப்பது அந்தப் பெட்டிக்குள் என்பது என் நோட்டுக்குத் தெரியும், என் விடைத்தாளுக்குத் தெரியும். தண்ணீர் கணுக்காலில் ஏறும்போது என் கைக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்ததெல்லாம் தாளாளரின் கீறல் பயம் மட்டும்தான்.

ஆயாம்மா மறுபேச்சுப் பேசவில்லை. படித்தவள் சொல்கிறாள். இருவரும் மானிட்டர்களைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினோம், இறங்கினோம், ஏறினோம். பதினான்கு மானிட்டர். பிறகு கீபோர்டு, மவுஸ், ஒரு பிரிண்டர். கடைசியில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பூப்போட்ட துணி உறைகளைக்கூட மடித்து எடுத்துப்போனேன். பெட்டிகளுக்காக இறங்கியபோது தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. பதினான்கும் மூழ்கிவிட்டன. அதில் ஒன்று, லேபிலேயே வைத்திருந்த அலுவலக மிஷின். பத்து வருட மாணவர்களின் மதிப்பெண்ணும் மாற்றுச் சான்றிதழ் விவரமும் அதற்குள்தான். தாளாளர் அதைப் பெருமையாகச் சர்வர் என்பார்.

அடுத்த திங்கட்கிழமைதான் பள்ளி திறந்தது. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. சர்வீஸ் செய்பவர் வந்து, பெட்டிகளின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். முதன்முறையாக உள்ளே பார்த்தேன். மதர்போர்டு, அதன் மேல் ஒரு விசிறி, சீப்புப் போல ராம், ஓரத்தில் கனமான ஒரு சின்னச் செங்கல், அதுதான் ஹார்ட் டிஸ்க். எல்லாவற்றின் மேலும் ஏரிச்சேறு, தோசை மாவு போலப் படிந்து வெடித்திருந்தது. ஒன்றிரண்டு தேறலாம், அலுவலக மிஷினின் டிஸ்க் போனது போனதுதான் என்றார். பிறகு மாடியில் பத்திரமாக இருந்த மானிட்டர்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாரு சார் இது? டிவியை மாடில வச்சிட்டு மூளையைத் தண்ணில முக்கியிருக்காங்க."

தாளாளர் என் பக்கம் திரும்பினார். யார் செய்தது என்று கேட்கப் போகிறார் என நினைத்தேன். ஆனால் அவர் கேட்கவில்லை, வருத்தப்பட்டார். "நீங்க மட்டும் அன்னிக்கு இருந்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா மிஸ்? எழுதப் படிக்கத் தெரியாததுங்க கையில சாவியைக் கொடுத்தது என் தப்பு."

அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான் இருந்தேன் சார், நான்தான் சொன்னேன். அவ்வளவுதான். அதற்குப் பதில் நான் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆயாம்மாவைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வகுப்பில் பெஞ்சு கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு வந்தார். எதை மாடிக்கு எடுத்துப்போவது என்ற அறிவுகூடவா கிடையாது என்று தாளாளர் கத்தினார். ஆயாம்மா என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் இல்லை, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். எனக்கு இடம் விட்டார். நான் பேசுவதற்கான இடம் அது. நான் அதில் கால் வைக்கவில்லை. பிறகு ஆயாம்மா தாளாளரிடம், ஆமாம் சார், நான்தான் தூக்கினேன் என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கேட்பதற்கு முன்பே வைத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதை அதற்குப் பிறகுதான் தாளாளர் சொன்னார்.

ஏன் பேசவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நாற்பத்தாறு வயது. தமிழ் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவளை வேறு எந்தப் பள்ளியில் எடுப்பார்கள். எல்லாம் உண்மைதான். எல்லாமே அசிங்கமான உண்மை. ஆயாம்மாவுக்கும் வேறு வேலை இல்லை, அவருக்குச் சான்றிதழும் இல்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. திங்கள் போனது. செவ்வாய் போனது. நான் ரயிலில் வந்தேன், போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். தூக்கம்கூட வந்தது, பாருங்கள்.

புதன்கிழமை ஆறாம் வகுப்பு. லேப் இல்லாததால் வகுப்பறையிலேயே பாடம். கணினியின் வகைகள். சூப்பர் கம்ப்யூட்டர், மெயின்ஃபிரேம், மினி, மைக்ரோ. சூப்பர் கம்ப்யூட்டரின் பயன் என்ன? வானிலையை முன்கூட்டியே கணிக்கப் பயன்படுகிறது. நாற்பது பிள்ளைகள் கத்தினார்கள். பாதிப் பேரின் நோட்டு இன்னும் மழையில் ஊறிய வாடையோடு இருந்தது. யாருடைய வீட்டுக்கும் அந்தக் கணிப்பு வந்து சேரவில்லை. நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். கட்டம் போட்டேன், அம்புக்குறி போட்டேன். மையச் செயலகம் கணினியின் மூளை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

மூன்றாவது வரிசையில் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி எழுந்தாள். கிண்டல் ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"மிஸ், மூளையைத் தண்ணில வுட்டதுக்குத்தான் ஆயாம்மாவ அனுப்பிட்டாங்களாமே. நீங்க இந்தப் பாடத்த அவங்களுக்குச் சொல்லித் தரலையா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. சாக்பீஸ் என் கையில் ஒடிந்தது. ஒடித்தேன் என்றே சொல்லலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குழந்தையை உட்காரச் சொல்லி அதட்டினேன். முகம் சுருங்கி உட்கார்ந்தாள். அதட்டிய குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை கேட்ட குரல்தான். இப்போது அது என் தொண்டையிலிருந்து வருகிறது.

அன்று சாயங்காலம் ரயில்வே கேட்டைத் தாண்டி ஆயாம்மா வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. நனைந்த பாயும் துணியும் வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் சேற்றில் ஊறிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். மன்னிச்சிடுங்க ஆயாம்மா, தப்பு என்னுதுதான் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தேன். ஒப்பிப்பது எனக்குக் கைவந்த வேலை.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"இன்னாத்துக்கு மிஸ் இங்க வந்து அழுவுறீங்க? நீங்கதான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். நான் அங்கதானே நின்னேன். தெரியாத ஆளு ஸ்கூல்ல கீறாரு. அவராண்ட போய் அழுவுங்க."

 உட்காரச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. பரவாயில்லை மிஸ் என்பார் என்றும் எதிர்பார்த்தேன். ஏழை மன்னித்துவிடுவாள் என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் எவ்வளவு வசதியாக ஊறிக் கிடக்கிறது. ஆயாம்மா ஒரு குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொன்றையும் சொன்னார்.

"தெனமும் அத்தத் தொடைக்கிறவ நானு. எது ஒழைக்குது, எது சும்மா மினுக்கினுகீதுன்னு எனக்குத் தெரியாதா? சொன்னேன்ல மிஸ். சொன்னப்போ கேட்டீங்களா?"

மறுநாள் காலை பிரேயர் மணி அடிக்கும் முன்பே தாளாளர் அறைக்குப் போய், நின்றபடியே சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. உங்களுக்கு இளகிய மனசு, அவளுக்காகப் பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். சான்றிதழ் என்ற காகிதத்துக்கு இருக்கிற பலத்தைப் பாருங்கள். குற்றவாளி நானே வந்து ஒப்புக்கொண்டாலும் அது என்னைக் காப்பாற்றுகிறது. ரயில் நின்றதை, திரும்பி வந்ததை, ஆயாம்மா பெட்டியைக் காட்டியதை, நான் சொன்ன பதிலை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முகம் மெல்ல மாறியது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது இந்த ரூமோட இருக்கட்டும் மிஸ். கம்ப்யூட்டர் டீச்சருக்கே கம்ப்யூட்டர் தெரியலைன்னு பேரண்ட்ஸ் காதுக்குப் போனா, ஜூன்ல எவன் அட்மிஷன் போடுவான்? ஆயாம்மா பண்ணாங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

அதுவரை என் மேல் மட்டும் எரிந்துகொண்டிருந்த தீ அப்போதுதான் இரண்டாகப் பிரிந்தது. தப்பு யாருடையது என்பது அவருக்கு ஒரு கேள்வியே இல்லை. யார் தலையில் வைத்தால் சத்தம் வராது என்பதுதான் கேள்வி. படிக்காதவர் தலை சத்தம் போடாது. நான் சொன்னேன், ஆயாம்மாவைத் திரும்பக் கூப்பிடாவிட்டால் நானே பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்வேன் என்று.   அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசியில், சரி, வரச் சொல்லுங்கள், ஆனால் லேபில் வேண்டாம், டாய்லெட் பக்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எனக்கு ஒரு மெமோ.

வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்பில் கட்டம் போடவில்லை. தேறாது என்று ஒதுக்கிய பெட்டி ஒன்றைத் தூக்கிப்போய் மேஜையில் வைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாமல் இரண்டு முறை கை வழுக்கிக் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. பிறகு அந்த இரட்டைச் சடைப் பெண்ணிடம், நீ கேட்டதற்குப் பதில் இது என்று சொன்னேன். இந்த மூளையைத் தண்ணீரில் விடச் சொன்னது நான். தூக்க வேண்டும் என்று சொன்னது ஆயாம்மா. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து, ஹார்ட் டிஸ்க் எது மிஸ் என்று கேட்டாள். காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். மதியத்துக்குள் தாளாளருக்குச் செய்தி போயிருந்தது. அந்த ஏப்ரலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்காக எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இப்போது பட்டாபிராம் பக்கம் வேறொரு பள்ளியில் தமிழும் கம்ப்யூட்டரும் சேர்த்து எடுக்கிறேன்.

சனிக்கிழமை ஆயாம்மாவிடம் போய், திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். டாய்லெட் விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் என் குரல் உள்ளே போய்விட்டது. ஆயாம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"தப்பு உங்களுது, கக்கூசு எனக்கா? வோணாம் மிஸ். பக்கத்து ஊட்டு அக்கா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு கம்பெனி கேன்டீன்ல சொல்லி வச்சிக்கீது. திங்கக்கெழமலேந்து போறேன்."

நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் உண்மையைச் சொன்னதை யாரோ அவரிடம் அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். கொடியிலிருந்து காய்ந்த துணியை உருவியபடி, என் முகத்தைப் பார்க்காமல், "சொன்னீங்களாமே. நல்லதுதான். நாலு நாளு லேட்டு" என்றார்.

தாளாளர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அவர் சாத்திய கதவை நினைத்துக் கொதிக்கும்போதெல்லாம் கதவு திறந்தே இருந்த அந்தத் திங்களும் செவ்வாயும் புதனும் கூடவே வந்து நிற்கின்றன. தெரியாமல் நான் தண்ணீரில் விட்டது பதினான்கு பெட்டிகளை. தெரிந்தே விட்டது ஒரு மனுஷியை.